களத்து நாயம்

கிருபாசங்கர் என்ன படிக்கிறான் என்று யாராவது கேட்டால் அவனுடைய அப்பா பாலுசாமி, "மொழி சம்பந்தமா என்னமோ பண்றானுங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த மூச்சிலேயே தேங்காய் விலைக்குத் தாவிவிடுவார். பொள்ளாச்சியில் ஆனைமலை ரோட்டில் கொப்பரைக் களம் வைத்திருக்கிற மனுஷர். ஒரே பையன் முப்பத்து மூன்று வயதிலும் காலேஜுக்குப் பை தூக்கிக்கொண்டு போகிறான் என்பதை எந்த வாயால் சொல்வார், பாவம்? அப்பனும் மகனும் நேராகப் பேசிக்கொண்டே வருஷக்கணக்காகிவிட்டது. சண்டை சச்சரவு ஒன்றும் கிடையாது. "காப்பி குடிச்சானான்னு கேளு" என்பார் மனைவி சென்னியம்மாளிடம். "குடிச்சாச்சுன்னு சொல்லும்மா" என்பான் இவன். இரண்டு பேரும் ஒரே அறையில்தான் உட்கார்ந்திருப்பார்கள்.

அவன் ஆராய்ச்சி பண்ணுவது கிரியோலை. பேரைக் கேட்டு மிரள வேண்டாம். இரண்டு மூன்று மொழிக்காரர்கள் ஓரிடத்தில் வந்து மாட்டிக்கொள்கிறார்கள். ஒருத்தர் பேசுவது இன்னொருத்தருக்கு விளங்காது. ஆனால் வேலை நடந்தாக வேண்டும். ஆளுக்குக் கொஞ்சம் வார்த்தை போட்டு, கையைக் காலை ஆட்டி, எப்படியோ ஒரு பேச்சு உருவாகிறது. அது நின்று, அதிலேயே பிள்ளைகள் பிறந்து வளர்ந்து, தனக்கென்று ஒரு இலக்கணமும் பிடித்துக்கொண்டால், அதுதான் கிரியோல். இதில் பலவற்றுக்கு இலக்கணம் எழுத உலகத்தில் நாதியில்லை. கிருபாசங்கர் முதலில் கேரளக் கடற்கரையில் போர்ச்சுகீசியம் கலந்த ஒரு மொழியைத் தேடிக்கொண்டு போனான். பேசுகிற ஆள் ஒருத்தரும் அகப்படவில்லை. நல்ல மீன் குழம்பு கிடைத்தது, சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வந்தான். அவன் வந்து இறங்கிய நேரம் சென்னியம்மாள் களத்தில் நின்று மேஸ்திரி சுதாமை விரட்டிக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க சுதாம், பருப்பு சுக்கா ஆகிப்போட்டுதுங்களா, நஹிங்களா? ஜல்தி போலுங்க!"

"ஆதா சுக்கா ஆகிப்போட்டுதுங்க அம்மா. ஆதா கீலாங்க."

பருப்பு, அதாவது கொப்பரை, காய்ந்ததா இல்லையா, சீக்கிரம் சொல் என்கிறாள். பாதி காய்ந்துவிட்டது, பாதி ஈரம் என்கிறார். கிருபாசங்கர் பையைக் கீழே வைக்கவும் மறந்து நின்றான். பிறந்ததிலிருந்து காதில் விழுந்துகொண்டிருந்த சத்தம்தான், ஆனால் அன்றைக்குத்தான் கேட்டான். சுதாம் ஒடிசாவிலிருந்து மீசை முளைக்காத வயதில் வந்தவர், பின்னாலேயே பீகார், ஜார்க்கண்ட் ஆட்கள் குடும்பம் குடும்பமாக வந்தார்கள். அவர்கள் கொண்டுவந்த இந்தியும் ஒடியாவும், பாலுசாமி வீட்டுக் கொங்குத் தமிழும் சேர்ந்து ஒன்றாகக் கொதித்துக் கிடந்தது. இந்தி வார்த்தையின் வாலில் நம்ம மரியாதை 'ங்க' போய் ஒட்டிக்கொண்டது. வேலை முடிந்தது என்று காட்ட நம்ம 'போட்டு' போய் நின்றது. 'கா போட்டேன்' என்றால் சாப்பிட்டு முடித்தாயிற்று, 'கயா போட்டான்' என்றால் ஆள் போயே விட்டான். களத்துக் குடியிருப்பில் பிறந்த பிள்ளைகள் சண்டை போட்டுக்கொள்வதும் சமாதானமாவதும் இதிலேதான். கொங்குப் பக்கம் பேச்சுக்கு நாயம் என்று பெயர். அதனால் இதைக் களத்து நாயம் என்றார்கள். அவன் அன்றைக்கே தலைப்பை மாற்றிக்கொண்டான்.

மாற்றியது சரி. ஆராய்ச்சிக் குழுவில் பேராசிரியர் வரதராஜுலு என்று ஒருவர் இருந்தார். எதையும் இரண்டு தரம் தட்டிப் பார்த்துத்தான் வாங்குவார். கிருபாசங்கர் பதிவு செய்து கொண்டுபோனதையெல்லாம் கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"தம்பி, இது அரைகுறை இந்திங்க. மைக்கை நீட்டுனா நீங்க எதிர்பாக்கறதை யாரும் பேசிக் குடுப்பாங்க. யாரும் கேக்காம அவங்களாப் பேசிக்கறதை என் காதால நான் கேக்கோணும். அதுலயும் தூக்கு, எடு, வைன்னு வேலை ஏவுறது மட்டும் பத்தாது. மனசுல இருக்கறதை அதுல சொல்ல முடியுதான்னு பாக்கோணும். முடிஞ்சா கையெழுத்துப் போடறேன். இல்லாட்டி உங்க ஆராய்ச்சிப் படிப்புப் பதிவை ரத்துப் பண்றதைத் தவிர வேற வழி இல்லீங்க. கொடுத்த அவகாசமெல்லாம் தீந்துபோச்சு."

கிருபாசங்கரின் நெறியாளர் மெர்சி மேடம் எவ்வளவோ வாதாடிப் பார்த்தார். கடைசியில் மூன்று பேரும் ஒரு வியாழக்கிழமை களத்துக்கே போய்ப் பார்த்துவிடுவது என்று முடிவாயிற்று. ரத்தானால் கிருபாசங்கர் களத்தில் வந்து உட்கார வேண்டியதுதான். களத்து வேலை அவனுக்குக் கசக்கவில்லை. அப்பாவுக்கு எதிர் நாற்காலியில் பேச்சில்லாமல் ஆயுசு முழுக்க உட்கார்ந்திருக்க வேண்டுமே, அதுதான் கசந்தது. அம்மாவுக்குப் போன் போட்டு, "நம்ம களத்துல எப்படிப் பேசறாங்கன்னு பாக்க சார் வர்றாரும்மா. இதுல நின்னாத்தான் எம் படிப்பு நிக்கும். அப்பாகிட்டச் சொல்லிரு" என்றான். அவளும் அட்சரம் பிசகாமல் சொல்லிவிட்டாள்.

அங்கேதான் வந்தது வினை. எப்படிப் பேசுகிறார்கள் என்று பார்க்கப் பெரிய மனுஷர் வருகிறார் என்றால் பாலுசாமி என்ன நினைப்பார்? கொப்பரையின் தரம் பார்க்க ஆபீசர் வந்தால் சொத்தையைப் பொறுக்கி எறிந்து நல்லதை முன்னால் பரப்புகிற மனுஷர் அவர். பேச்சின் தரம் பார்க்க வருகிறார்களாம், சும்மா விடுவாரா?

மெர்சி மேடத்தின் கார் களத்து வாசலில் நின்றது. வாழை மரம் கட்டியிருந்தது. அதைப் பார்த்ததுமே கிருபாசங்கருக்குப் பகீரென்றது. கேட்டருகே வெள்ளைச் சட்டை போட்டு நிறுத்தப்பட்டிருந்த பீகார்காரர் கை கூப்பினார்.

"வணக்கமுங்க! வாங்க! உக்காருங்க!"

உள்ளே உடைக்கிறவர்கள், காய வைக்கிறவர்கள், மூட்டை பிடிக்கிறவர்கள் எல்லாரும் குளித்து, தலை சீவி, திருநீறு வைத்து வரிசையாக நின்றார்கள். பாலுசாமி லேசாகக் கையைக் காட்டினார். மொத்தக் களமும் ஒரே குரலில் முழங்கியது.

"வணக்கமுங்க! வாங்க! உக்காருங்க! எளநி குடிங்க! ஊட்ல எல்லாரும் சௌக்கியங்களா?"

வரதராஜுலு திரும்பிக் கிருபாசங்கரைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு மண்ணுக்குள் போய்விடலாம் போலிருந்தது அவனுக்கு. அம்மாவை அறைக்குள் இழுத்துக்கொண்டு போனான்.

"என்னம்மா இது கூத்து?"

"கூத்தென்ன கண்ணு, உங்கப்பாதான். தினமும் பொழுதுசாய எல்லாரையும் உக்கார வெச்சுப் பாடம் நடத்தறாரு. எனக்கே ரெண்டு நாளா நாயம் பேச வுடலை. ஒறம்பரை விருந்தாளி வர்ற எடத்துல கொச்சையாப் பேசிப் பையனைத் தலைகுனிய வெக்கறதான்னு ஒரே புடி. இன்னிக்கு ஒருத்தர் வாயிலயும் களத்து நாயம் வரப்புடாதுன்னு சொல்லிப்போட்டாரு."

"அதைக் கேக்கத்தானம்மா அவரே வந்திருக்காரு!"

"அதை நீ அப்பாகிட்டயல்ல சொல்லோணும்?"

அவன் விறுவிறுவென்று வெளியே வந்தான்.

வெளியே வரதராஜுலு பொறுமையாகத்தான் ஆரம்பித்தார். சுதாமிடம் போய், "உங்களுக்குள்ள எப்படிங்க பேசிக்குவீங்க?" என்று கேட்டார். சுதாம் ஓரக்கண்ணால் முதலாளியைப் பார்த்தார். நெற்றியில் வேர்வை. "நாங்கள் தமிழ் பேசுகிறோமுங்க. நன்றிங்க" என்று ஒப்பித்தார். மூட்டை தூக்கிப்போன இரண்டு பேர் நடுவில் ஒருத்தருக்குக் கால் இடறியது. "அரே..." என்று ஆரம்பித்தவர் பாலுசாமியின் கண்ணைப் பார்த்ததும் "...சௌக்கியங்களா?" என்று முடித்தார். மூட்டையைக் காலில் போட்டுக்கொண்ட மற்றவர், "சௌக்கியமுங்க" என்று முனகினார். அதன்பிறகு எல்லாரும் வாயைக் கட்டிக்கொண்டார்கள். அவ்வளவு பெரிய களத்தில் தேங்காய் உடைபடுகிற சத்தத்தைத் தவிர ஒரு சத்தமில்லை. பாலுசாமிக்கோ முகமெல்லாம் பெருமை. ஒரு பிசிறு இல்லாமல் நடக்கிறதே!

வரதராஜுலு பேனாவை மூடிச் சட்டைப் பையில் வைத்தார். "மெர்சி மேடம், கெளம்பலாங்களா?"

கிருபாசங்கர் மனசுக்குள் கணக்குப் போட்டான். எத்தனை வருஷம்! அப்பாவின் மேல் ஆத்திரமாக வந்தது, அவர் அந்த வெள்ளை வேட்டியில் நிற்கிற நிலையைப் பார்த்தால் ஆத்திரப்படவும் முடியவில்லை.

வியாழக்கிழமை பொள்ளாச்சியில் மாட்டுச் சந்தை என்பதை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. எதிர் டீக்கடையில் நின்ற மினி லாரியிலிருந்து ஒரு செவலைக் காளை கயிற்றை அறுத்துக்கொண்டு குதித்தது. ரோட்டைத் தாண்டி நேரே களத்து கேட்டுக்கு வந்தது. கேட்டில் அதே பீகார்காரர்தான் நின்றார். உயிர் போகிற பயத்தில் வாயில் என்ன இருந்ததோ அதுதான் வந்தது.

"வணக்கமுங்க! வாங்க! உக்காருங்க!"

காளை மரியாதையை ஏற்றுக்கொண்டு உள்ளே நுழைந்தது. முதல் வேலையாகக் காய்கிற கொப்பரையில் தலையைக் கவிழ்த்து ஒரு வாய் அள்ளிற்று. யாரோ கத்தவும் மிரண்டு, பரப்பி வைத்திருந்த பருப்பை நான்கு பக்கமும் சிதறடித்துக்கொண்டு ஓட ஆரம்பித்தது. ஆட்கள் அத்தனை பேரும் காளையைப் பார்க்கவில்லை, முதலாளி முகத்தைப் பார்த்தார்கள். வாயைத் திறக்கலாமா கூடாதா? சுதாம்தான் துணிந்து குறுக்கே போய், இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, "ஏனுங்க... தயவு செஞ்சு... எளநி..." என்றார். அத்தோடு அவருக்குச் சொல்லிக்கொடுத்த தமிழ் தீர்ந்துபோயிற்று.

பாலுசாமி பார்த்தார். கொப்பரை நாசமாகிறது, மாடு அடுத்தபடி வரதராஜுலுவை நோக்கித் திரும்புகிறது. அவ்வளவுதான், மனுஷருக்குப் பொத்துக்கொண்டது.

"அட கெரகமே! வணக்கத்தை சோடுங்க சுதாம்! மாடு அந்தர் கயா போட்டுதுங்க! ரஸ்ஸி லாங்க, ரஸ்ஸி!"

வணக்கத்தை விட்டுத்தள்ளு, மாடு உள்ளே போயாயிற்று, கயிற்றைக் கொண்டு வா என்று முதலாளியே சொல்லியாயிற்று. அப்புறம் கேட்க வேண்டுமா! கட்டி வைத்திருந்த வாயெல்லாம் ஒரே நேரத்தில் அவிழ்ந்தது. "உதர் நஹிங்க, இதர் ஓட்டுங்க!" "கேட் பந்த் பண்ணிப்போடுங்க!" "பருப்பு மேல ஓடாதீங்க, சப் சூரா ஆகிப்போடுமுங்க!" என்று பக்கம் காட்டியும், பருப்பெல்லாம் தூளாகிவிடுமென்று பதறியும் ஆளாளுக்கு அலற, சென்னியம்மாள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு நடுக்களத்தில் நின்று, "டர் போட்டீங்களா, மாடுதானுங்களே? பக்கடுங்க!" என்று பயந்து நின்றவர்களை மாட்டைப் பிடிக்கச் சொல்லி அதட்டினாள். மெர்சி மேடம் கார் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயிருந்து வேடிக்கை பார்த்தார். வரதராஜுலு மூட்டை அடுக்குக்கு முன்னால் கிளம்பும்போது யாரோ கையில் திணித்த இளநீரோடு உறைந்து நின்றார்.

"சார்! ஊப்பர் சடுங்க! ஜல்தி ஊப்பர்!" என்று ஒரு குரல் கிளம்பியது. கிருபாசங்கருடைய குரல்தான். அது தன் வாயிலிருந்து வந்ததென்று அவனுக்கே அப்புறம்தான் உறைத்தது. மேலே ஏறுங்கள் என்று யாரும் அவருக்குத் தமிழில் விளக்கவில்லை. பேராசிரியர் இளநீரை எறிந்துவிட்டு, அந்த வயதில், கொப்பரை மூட்டைகளின் மேல் கிடுகிடுவென்று ஏறி உச்சியில் போய் உட்கார்ந்தார்.

சுதாம் கயிற்றை வீசிப் பிடித்து, காளையைத் தென்னை மரத்தோடு சேர்த்துக் கட்டினார். மாட்டுக்காரர் ஓடிவந்தார், மன்னிப்புக் கேட்டார், ஓட்டிக்கொண்டு போனார். எல்லாரும் சிதறிய பருப்பைக் கூட்ட ஆரம்பித்தார்கள். ஏறிய வேகத்தில் ஏறிவிட்ட வரதராஜுலுவுக்கு இறங்க வரவில்லை, முட்டி பிடித்துக்கொண்டது. கைகொடுக்க ஏறிப் பக்கத்தில் போன கிருபாசங்கரைப் பார்த்து அவர் உதட்டில் விரலை வைத்தார். அடுக்குக்கு அந்தப் பக்கம், நிழலில், பாலுசாமி தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் சுதாம்.

"சப் கராப் ஆகிப்போட்டுது சுதாம். மேரா வாய்தான் கராப். பேட்டா இத்னா சால் படிச்சான். ஹம் ஏக் மினிட்ல நாஸ் பண்ணிப்போட்டேன்."

"நஹிங்க மொதலாளி. மாடு வந்தா ஆப் க்யா பண்ணுவீங்க?"

"பேட்டா போத் அச்சா பேட்டா, சுதாம். ஹம் ஏக் தின் கூட போலா நஹி. அந்தர் ரக் போட்டேன்."

வரதராஜுலு கிருபாசங்கரின் காதருகே குனிந்தார். "எனக்குப் பாதிதான் புடிபடுது. வார்த்தை வார்த்தையாச் சொல்லுங்க பாக்கலாம்."

வார்த்தை வார்த்தையாகப் பிரித்துச் சொல்வதுதான் கிருபாசங்கரின் தொழில். எவ்வளவோ வாக்கியத்தைப் பிரித்துப் போட்டவன்.

"'சப்' எல்லாமுங்க. 'கராப்' கெட்டுப்போனது. எல்லாம் கெட்டுப்போச்சு. எம் வாய்தான் கெட்ட வாய்..." என்று கிசுகிசுத்தான். "'பேட்டா' மகன். மகன் இத்தனை வருஷம் படிச்சான், நான் ஒரு நிமிஷத்துல நாசம் பண்ணிட்டேன்."

"எந்த மகனுங்க?"

"நான்தானுங்க சார்."

"ம். அப்புறம்?"

"'போத் அச்சா'... ரொம்ப நல்ல... ரொம்ப நல்ல மகன். 'ஏக் தின் கூட போலா நஹி'ன்னா... ஒரு நாள்கூடச் சொன்னதில்லை." மூக்கை உறிஞ்சிக்கொண்டான். "'அந்தர்' உள்ளே. 'ரக்' வெக்கறது."

"'போட்டேன்'?"

"முடிஞ்சுபோன காரியத்துக்கு வர்றதுங்க. உள்ளேயே வெச்சுட்டேங்கறாரு."

வரதராஜுலு அதை ஒரு தரம் வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். பிறகு மூட்டை உச்சியிலிருந்து தலையை நீட்டினார். "ஐயா! இப்பச் சொன்னீங்களே, அதைத்தானுங்க கேக்க வந்தேன்!"

பாலுசாமி அலறிப்புடைத்து எழுந்தார். மேலே பேராசிரியர் தலை, அதன் பக்கத்தில் மகன் தலை. "மன்னிச்சுப்போடுங்க சார். கொச்சையாப் பேசிப்போட்டனுங்க. மாடு வந்த பதட்டத்துல..."

"கொச்சை இல்லீங்க. உங்க பையன் இலக்கணம் எழுதறது இந்த நாயத்துக்குத்தான். நான் கையெழுத்துப் போடறேனுங்க."

பாலுசாமிக்கு நம்பிக்கை வரவில்லை. வழக்கம்போல மனைவி பக்கம் திரும்பினார். "இதையா கேக்க வந்தாங்கன்னு கேளு."

"நீங்களே கேளுங்க" என்றாள் சென்னியம்மாள். விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு பருப்பைக் கூட்டப் போய்விட்டாள்.

அவர் கேட்கவில்லை. இரண்டு பேர் பிடித்து வரதராஜுலுவை இறக்கினார்கள். இறங்கியதுமே பழையபடி பேராசிரியராகிவிட்டார். வேட்டியில் ஒட்டிய தூசியைத் தட்டிக்கொண்டே, "தம்பி, மைக்கை எடுங்க. அந்தக் கடைசி வாக்கியம் ஆய்வுல வந்தே ஆகோணும். ஐயா, பதிவுக்கு ஒரே வாக்கியத்தை மூணு தரம் சொல்லோணுமுங்க, அதான் முறை" என்றார்.

"அதையவா? அவனை வெச்சுக்கிட்டா?"

"அவர்தானுங்களே பதிவு பண்ணோணும்!"

பாலுசாமி சுற்றுமுற்றும் பார்த்தார். களமே கூட்டுவதை நிறுத்திவிட்டு நின்றது. தப்பிக்க வழியில்லை. கிருபாசங்கர் மைக்கை நீட்டினான். முதல் தரம் மண்டியில் ஏலம் கூவுகிற வேகத்தில் சொல்லிக் கொட்டினார். "பேட்டா போத் அச்சா பேட்டா ஹம் ஏக் தின் கூட போலா நஹி அந்தர் ரக் போட்டேன்." "மெதுவாங்க" என்றார் வரதராஜுலு. இரண்டாம் தரம் தென்னை மரத்துக் குருத்தைப் பார்த்துக்கொண்டு, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார். காது மடல் சிவந்திருந்தது.

மூன்றாம் தரம் வாயைத் திறந்தவர் எதிரில் நிற்கிற மகனைப் பார்த்துவிட்டார். மகன் கண்ணில் தண்ணீர் கட்டியிருந்தது.

"நீ ரொம்ப நல்ல பையன் சாமி. நாந்தான் ஒரு நாளுங்கூட வாயத் தொறந்து சொன்னதில்ல. உள்ளுக்குள்ளயே வெச்சுப்போட்டேன்."

"அடடா, தமிழ் வந்துருச்சுங்களே!" வரதராஜுலு கையை உதறினார். "இது சேராதுங்க. தம்பி, இன்னொருக்காச் சொல்லச் சொல்லுங்க."

கிருபாசங்கர் மைக்கைக் கீழே இறக்கினான். "போதுமுங்கப்பா, எனக்குக் கேட்டுருச்சு" என்றான்.